செய்திக்குப் பதில் சொல்லுங்க, செய்தியாளரைத் துரத்தாதீங்க

காஞ்சிபுரத்தில் நடந்த சமூக வலைதளப் பொறுப்பாளர்கள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அரங்குக்கு வர முடியாத தோழர்களுக்காக இங்கே முழுமையாகத் தருகிறோம். நீளமான பதிவுதான். இருந்தாலும் கடைசி வரை படிச்சுட்டுப் பகிருங்க.



ஹேஷ்டேக்கை எப்படி ட்ரெண்ட் ஆக்குறது, ரீல்ஸ் எப்படிப் போடுறதுன்னு காலையிலேர்ந்து நிறையப் பேசிட்டாங்க. நான் பேச வந்தது வேற விஷயம். நாம எதைச் செய்யக் கூடாது என்பதைப் பற்றி. கேட்க அவ்வளவு உற்சாகமா இருக்காது. ஆனா இங்க இருக்கிற ஒவ்வொருத்தர் கையிலயும் போன் இருக்கு. ஒவ்வொருத்தரும் குறைஞ்சது பத்து வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கீங்க. அதனால உங்ககிட்டத்தான் இதைச் சொல்லியாகணும்.

ஒரு செய்தி வருது. நம்ம கட்சிக்கு எதிரான செய்தி. எழுதினது ஒரு பெண் செய்தியாளர். அரை மணி நேரத்துல அந்தச் செய்தியோட லிங்க் குரூப்புக்கு வருது. அடுத்து அவங்க போட்டோ வருது. அதுக்கடுத்து போன் நம்பர், வீட்டுக்காரர் யாரு, என்ன சாதி, எந்த ஊர் எல்லாம் வருது. "கொஞ்சம் கவனிங்கப்பா"ன்னு ஒருத்தர் எழுதுறார். ராத்திரி பதினோரு மணிக்குள்ள அவங்க போன்ல முந்நூறு மிஸ்டு கால். முகத்தை ஒட்டித் தயார் பண்ணின ஒரு ஆபாசப் படமும் வந்து சேர்ந்திருக்கும்.

இது எந்தக் கட்சியில நடக்குதுன்னு நான் சொல்லல. எந்தக் கட்சியிலயும் நடக்கக்கூடியது. நம்ம குரூப்புக்கு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

இந்த ஊர்ல நின்னுக்கிட்டு இதைப் பேச ஒரு தனிக் காரணமும் இருக்கு. பேரறிஞர் அண்ணா 1909ல் பிறந்த ஊர் இது. அவர் முதலமைச்சர் ஆனது 1967ல். அதுக்கு 25 வருஷம் முன்னாடி, 1942ல், இதே காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். அதுக்கும் முன்னால 'விடுதலை', 'குடிஅரசு' இதழ்கள்ல வேலை பார்த்தவர். மேடையும் அச்சகமும் சேர்ந்துதான் தமிழ்நாட்டு அரசியலை உருவாக்கிச்சு. இன்னைக்கு இங்க இருக்கிற பல கட்சிகளோட வேர்ல ஏதாவது ஒரு பத்திரிகை இருக்கும். இன்னொரு பத்திரிகை எழுதினதுக்குத் தன் பத்திரிகையில பதில் எழுதுறது அந்தக் காலத்துப் பழக்கம். கடுமையாத்தான் எழுதுவாங்க, சூடாத்தான் இருக்கும். ஆனா அச்சுல வந்ததுக்குப் பதில் அச்சுல வந்தது. எழுதினவர் வீட்டு வாசலுக்குப் போகல.

இந்த ஊர்க்காரங்களுக்குக் கோர்வைப் புடவையை நான் விளக்க வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். மூணு நாடா ஓட்டி, ஒவ்வொரு ஊடையிலயும் ரெண்டையும் கோத்துக் கோத்து நெய்யணும். நிறம் ஒண்ணா ஆகிறதில்லை. பிரிஞ்சும் போறதில்லை. அரசியலுக்கும் பத்திரிகைக்கும் இருக்க வேண்டிய உறவும் அப்படித்தான். அவங்க நம்ம நிறத்துக்கு மாற வேண்டியதில்லை. மாறலைன்னு கத்தரிக்கோலை எடுத்தா, புடவை நம்மோடதும்தான்.

சரி, விமர்சனத்துக்கும் துன்புறுத்தலுக்கும் கோடு எங்க இருக்கு? நிறையத் தோழர்கள் என்கிட்ட கேட்கிற கேள்வி இது. "அவங்க நம்மைப் பத்தித் தப்பா எழுதலாம், நாங்க கேள்வி கேட்கக் கூடாதா?"

தாராளமா கேளுங்க. "இந்தச் செய்தியில இருக்கிற எண்ணிக்கை தப்பு, அரசாணை இதோ இருக்கு"ன்னு போடுங்க. "எங்க தரப்பை ஏன் கேட்கல"ன்னு கேளுங்க. "தலைப்பு ஒண்ணு சொல்லுது, உள்ளே வேற இருக்கு"ன்னு காட்டுங்க. இதெல்லாம் விமர்சனம். எழுதின செய்தியைப் பத்தினது.

செய்தியை விட்டுட்டு ஆளைப் பிடிக்கும்போது கோட்டைத் தாண்டிடுறோம். உடம்பைப் பத்திப் பேசுறது, சாதியையும் மதத்தையும் இழுக்கிறது, நம்பரைப் பரப்புறது, குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிச்சுப் போடுறது, படத்தை ஒட்டி வெட்டுறது, "வீட்டுக்கு வர்றோம்"னு எழுதுறது. இதுல கருத்துன்னு ஒண்ணும் கிடையாது. இன்னொண்ணும் கவனிங்க. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டா அது கேள்வி. ஒரே வாசகத்தை ரெண்டாயிரம் பேர் காப்பி பண்ணி ஒரே ஆளோட பக்கத்துல கொட்டினா அது கேள்வி இல்லை, முற்றுகை. ஒவ்வொரு வாசகமும் மரியாதையா இருந்தாலும் முற்றுகை முற்றுகைதான்.

நம்ம மாநிலத்துல நடந்த ஒரு வழக்கைச் சொல்றேன். ஃபார்வர்ட் பட்டனை அமுக்குற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியது.

2018 ஏப்ரல் 17. சென்னை ராஜ்பவனில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் செய்தியாளர்களைச் சந்தித்தார். கேள்வி கேட்ட ஒரு பெண் செய்தியாளரின் கன்னத்தில் தட்டினார். அவர் எதிர்ப்புத் தெரிவிச்சதும் ஆளுநர் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். விஷயம் அதோட முடிஞ்சிருக்கலாம். ஆனா அடுத்த சில நாள்ல, நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்கள் எல்லாரையும் கேவலப்படுத்துற ஒரு பதிவைத் தன் முகநூல் பக்கத்துல பகிர்ந்தார். எழுதினது வேற யாரோ. பகிர்ந்தது இவர். எதிர்ப்பு கிளம்பினதும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார்.

ஆனா வழக்கு போகல. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் தர மறுத்தது. ஒரு செய்தியை ஃபார்வர்ட் பண்றதுன்னா அதை ஏத்துக்கிட்டு வழிமொழியறதுக்குச் சமம்ங்கிற கருத்தை நீதிமன்றம் சொன்னது. வழக்கை ரத்து செய்யக் கேட்டுப் போனார். 2023 ஜூலையில உயர் நீதிமன்றம் அதையும் மறுத்தது. அனுப்பின செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி, சேதத்தைச் செஞ்ச பிறகு மன்னிப்புக் கேட்டு விளைவுலேர்ந்து தப்பிக்க முடியாதுங்கிறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால படிக்காமலேயே பகிர்ந்துட்டதா உச்ச நீதிமன்றத்துல சொல்லிப் பார்த்தாங்க. அங்கயும் எடுபடல. 2024 பிப்ரவரியில, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வழக்கை விசாரிக்கிற சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிச்சது. 2025 ஜனவரியில உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது.

அவர் எந்தக் கட்சியில இருந்தார்னு இங்க பேச வேண்டாம். அவர் பிரபலம், நல்ல வக்கீல் வெச்சார், ஏழு வருஷம் நடத்தினார். பிள்ளையார்பாளையத்துல இருக்கிற நம்ம தம்பி ஒருத்தன் மேல இதே வழக்கு வந்தா? வேலைக்கு விண்ணப்பிக்கணும், பாஸ்போர்ட் எடுக்கணும். "அண்ணே, நான் எழுதல, ஃபார்வர்ட்தான் பண்ணேன்"னு நீதிமன்றத்துல சொல்ல முடியாது. அந்தக் கதவைச் சாத்தியாச்சு.

இன்னொரு சம்பவம், 2017 ஆகஸ்ட். 'தி நியூஸ் மினிட்' ஆசிரியர் தன்யா ராஜேந்திரன் ஒரு இந்திப் படத்தைப் பாதியில விட்டுட்டு வந்ததைப் பத்தி ட்வீட் போட்டார். அதுல விஜய் நடிச்ச 'சுறா'வோட ஒப்பிட்டு ஒரு வரி. அவ்வளவுதான். சில நாள்ல ஆயிரக்கணக்கான வசை ட்வீட்டுகள். அவர் பெயரிலேயே ஒரு கேவலமான ஹேஷ்டேக். சினிமாவைப் பத்தி ஒரு வரி, கொலை, பாலியல் மிரட்டல் வரைக்கும் போச்சு. அவர் சென்னை காவல் துறையில் புகார் கொடுத்தார், வழக்கு பதிவாச்சு. அப்போ விஜய் ஒரு அறிக்கை விட்டார். பெண்களை மதிக்கணும், எந்தச் சூழ்நிலையிலயும் பெண்களை இழிவா விமர்சிக்கக் கூடாதுங்கிற கருத்துல.

இதுல எனக்குத் தெரியற பாடம் ரெண்டு. ஒண்ணு, கும்பல் கூடறதுக்குப் பெரிய காரணம் தேவையில்லை. "நம்ம ஆளைச் சொல்லிட்டாங்க"ங்கிற உணர்வு போதும். ரெண்டாவது, யாரோட பேரைச் சொல்லிக் கும்பல் கூடுதோ அவங்க வாயைத் திறக்கணும். தலைவர் மௌனமா இருந்தா தொண்டன் அதைச் சம்மதம்னு எடுத்துக்குவான். அது மாநிலத் தலைமைக்கு மட்டும் இல்லை. இருநூறு பேர் இருக்கிற குரூப்புக்கு அட்மினா இருக்கிற நீங்களும் அந்தக் குரூப்புக்குத் தலைவர்தான்.

இப்போ செய்தி அறைக்குள்ள போய்ப் பார்ப்போம்.

சென்னை சேனல்ல வர்ற பிரபல முகத்தை மட்டும் நினைக்காதீங்க. இந்த மாவட்டத்துல செய்தி சேகரிக்கிற தாலுகா செய்தியாளரை நினைங்க. பல பேருக்கு மாசச் சம்பளம் கிடையாது, அனுப்புற செய்திக்கு இவ்வளவுன்னு கணக்கு. சொந்த வண்டி, சொந்த போன். அந்த ஒரே நம்பர்தான் காவல் நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் பிள்ளையோட பள்ளிக்கூடத்துக்கும். அந்த நம்பரை நாம முடக்கினா அவர் வேலையே முடங்குது. அலுவலகத்துக்குச் சொன்னா, "கண்டுக்காதீங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்"னு பதில் வரும். சில இடத்துல, "ஏன் அப்படி எழுதினீங்க"ன்னு கேள்வியும் வரும்.

மூணாவது தடவை அப்படி நடந்தா அவர் என்ன பண்ணுவார்? பிரச்சினை இல்லாத செய்தியா பார்த்து எழுதுவார். கும்பாபிஷேகம், கடை திறப்பு, நலத்திட்ட விழா. யாரும் அவரைத் தடை பண்ணல. அவரே நிறுத்திக்கிட்டார். அப்போ நஷ்டம் யாருக்கு?

இந்த மாவட்டத்தையே பாருங்க. 2022 ஆகஸ்ட்ல பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் மக்கள் என்ன சொல்றாங்கன்னு ஊர் ஊராப் போய்க் கேட்டது செய்தியாளர்கள். 2024 செப்டம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி அடுத்த மாசம் வரைக்கும் போனப்போ, பந்தலுக்குப் போனது செய்தியாளர்கள். 2019ல் நாற்பது வருஷம் கழிச்சு அத்திவரதர் தரிசனம். நெரிசல் எங்க, குடிதண்ணி எங்க இல்லைன்னு தினம் எழுதினதும் அவங்கதான். பட்டுத் தறியில குழந்தைகள் கடனுக்குக் கட்டுப்பட்டு வேலை செஞ்சதை வெளியில கொண்டுவந்ததுல நிருபர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டு. 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில காஞ்சிபுரமும் இருக்கு. அன்னைக்கு அது ஊருக்கு அவமானம்னு கோபப்பட்டவங்க இருந்திருப்பாங்க. இன்னைக்கு அந்தக் குழந்தைகளோட இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க.

நெசவாளிக்குக் கூலி பாக்கி நிக்குதா, கைத்தறின்னு சொல்லி விசைத்தறிப் புடவையை விக்கிறாங்களா, ஜரிகையில வெள்ளி இருக்கா இல்லையா. இதையெல்லாம் எழுத ஒருத்தர் வேணும். அவரை நாம பயமுறுத்தி வெச்சா, நாளைக்கு நாம எதிர்க்கட்சியா இருக்கும்போது நம்ம போராட்டத்தை எழுதவும் ஆள் இருக்காது. ஆட்சி மாறும். பயந்த செய்தியாளர் மாற மாட்டார்.

உலகம் முழுக்க என்ன நிலைமைன்னும் தெரிஞ்சுக்கோங்க. யுனெஸ்கோவும் சர்வதேச பத்திரிகையாளர் மையமும் 2020ல் 125 நாடுகள்ல ஆய்வு பண்ணினாங்க. பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்கள்ல 73 சதவீதம் பேர் வேலை காரணமா இணைய வன்முறையைச் சந்திச்சிருக்காங்க. 20 சதவீதம் பேர், இணையத்துல தொடங்கினது நேரடித் தாக்குதலாவோ தொந்தரவாவோ வந்ததுன்னு சொன்னாங்க. அஞ்சுல ஒருத்தர். "சும்மா கமெண்ட்தானே"ன்னு சொல்றவங்களுக்கு அந்த எண்ணிக்கையைக் காட்டுங்க. 2021ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கின பிலிப்பைன்ஸ் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸா, ஒரு கட்டத்துல மணிக்குச் சராசரியா 90 வசைச் செய்திகள் வந்ததாச் சொல்லியிருக்கார்.

பக்கத்து பெங்களூருல 2017 செப்டம்பர் 5 அன்று கௌரி லங்கேஷ் வீட்டு வாசல்ல சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்த செய்தி வந்த சில மணி நேரத்துக்குள்ள அதைக் கொண்டாடி இணையத்துல எழுதினவங்க இருந்தாங்க. 2021 ஜூலையில 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்'. இஸ்லாமியப் பெண்களின் படங்களை ஏலம் விடுற மாதிரி வெச்ச செயலிகள். அதுல பத்திரிகையாளர்கள் பல பேர். 'புல்லி பாய்' வழக்குல கைதானவங்க வயசைப் பாருங்க. பதினெட்டு, இருபத்தொண்ணு. இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேரோட வயசு. அவங்க கையில ஆயுதம் இல்லை. உங்க கையில இருக்கிற அதே போன்தான்.

ஆண் செய்தியாளர்களுக்கு இது இல்லைன்னு நினைக்காதீங்க. 2020 ஜூலையில நியூஸ்18 தமிழ்நாடு தொலைக்காட்சியின் ஊடகவியலாளர்களைப் பெயர் சொல்லிக் குறி வெச்சு யூடியூப் வீடியோக்கள் வரிசையா வந்துச்சு. அவங்க எந்தக் கருத்து உள்ளவங்கன்னு பட்டியல் போட்டாங்க. நிறுவனம் காவல் துறைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போச்சு. அந்தக் காலகட்டத்திலேயே ஆசிரியர் மு. குணசேகரன் பதவியை விட்டு விலகினார். ஒரு செய்தி அறையைக் கலைக்கக் கல்லெறிய வேண்டியதில்லைன்னு தமிழ்நாடு அன்னைக்குப் பார்த்தது.

இப்போ ஊடக நிறுவனங்களை நடத்துறவங்களுக்கும் நம்ம தரப்புலேர்ந்து ஒரு வார்த்தை. நிருபரைத் தனியா நிக்க விடாதீங்க.

வியன்னாவுல இருக்கிற சர்வதேச பத்திரிகை நிறுவனம் பல செய்தி அறைகளோட பேசி ஒரு நடைமுறையைத் தயாரிச்சிருக்கு. நாலே படி. முதல்ல, தாக்குதல் நடந்தா யார்கிட்ட சொல்லணும்னு அலுவலகத்துல ஒரு ஆள் இருக்கணும். ரெண்டாவது, ஆபத்து எவ்வளவுன்னு கணிக்கணும்: வெறும் வசையா, வீட்டு முகவரி வெளியில போயிடுச்சா? மூணாவது, அதுக்கேத்த உதவி: வழக்கறிஞர், மனநல ஆலோசனை, கொஞ்ச நாள் அந்தப் பக்கத்தை வேற ஒருத்தர் பார்த்துக்கிறது. நாலாவது, தொடர்ந்து கவனிக்கிறது. வர்ற வசையை அந்த நிருபரே உட்கார்ந்து படிச்சு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணும்னு இல்லை. சக ஊழியர் ஒருத்தர் எடுத்து வைக்கலாம். இதுக்குக் கோடிக்கணக்குல பணம் வேண்டாம். மனசு வேணும்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2013ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படிங்க. பணியிடத்துல தொடர்புக்கு வர்ற வெளியாட்கள்கிட்டேர்ந்தும் பாதுகாப்பான சூழலைத் தர வேண்டியது முதலாளியோட கடமை. அந்தப் பெண் விரும்பினா காவல் துறையில் புகார் கொடுக்க உதவணும். பத்துப் பேருக்குக் குறைவா வேலை செய்யற இடமா இருந்தா மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு. சின்னப் பத்திரிகை, ஒரு அறை ஆபீஸ்னு சாக்குச் சொல்ல முடியாது.

காவல் துறைக்குப் போக என்ன சட்டம் இருக்கு? 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில இருக்கு. ஒரு பெண்ணை இணையத்துல பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தா 78ஆவது பிரிவு, முதல் தடவை மூணு வருஷம் வரைக்கும் சிறை. பெண்ணின் மாண்பை இழிவுபடுத்துற பேச்சுக்கு 79ஆவது பிரிவு. மிரட்டலுக்கு 351, பேரை மறைச்சு மிரட்டினா தண்டனை இன்னும் கூடும். ஆபாசமா வெளியிட்டா தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு. இதுக்கு மேல தமிழ்நாட்டோட சொந்தச் சட்டம், 1998ஆம் வருஷத்துப் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம் இருக்கு. போலிக் கணக்கு வெச்சா தெரியாதுன்னு நினைக்காதீங்க. கணக்கு போலியா இருக்கலாம், சிம் கார்டு போலி இல்லை.

பாதிக்கப்பட்டவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு விஷயம் கவனிங்க. பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. கணக்கோட பெயர், லிங்க், தேதி, நேரம் தெரியணும். அப்புறம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், இல்லைன்னா தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். பெண்களுக்கு 181 உதவி எண். ஒட்டி வெட்டின படம்னா தளத்தோட குறைதீர் அலுவலருக்கும் உடனே எழுதுங்க. 2021ல் வந்த விதி அந்த மாதிரிப் படத்தை நீக்க 24 மணி நேரம்தான் கெடு கொடுத்தது.

அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் சட்டங்களை விமர்சகர்களை உள்ள தள்ளுற கருவியாப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப் பயன்பட்ட 66ஏ பிரிவை 2015 மார்ச்ல உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. கார்ட்டூன் போட்டவரையும் கேள்வி கேட்டவரையும் கைது பண்ணச் சொல்றது நம்ம வேலை இல்லை.

சரி, ஒரு ஊடகம் நிஜமாவே நம்மைப் பத்திப் பொய் எழுதிட்டா? கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? வேண்டாம். முறையான வழி இருக்கு. முதல்ல ஆசிரியருக்கு எழுதுங்க, ஆதாரத்தோட. திருத்தம் போடலைன்னா, அச்சுப் பத்திரிகையா இருந்தா இந்தியப் பிரஸ் கவுன்சில் இருக்கு. நாளிதழ், வார இதழ்னா செய்தி வந்த ரெண்டு மாசத்துக்குள்ள புகார் போகணும். தொலைக்காட்சிக்கும் இணையச் செய்திக்கும் குறைதீர் அலுவலர், அதுக்கு மேல சுய ஒழுங்குமுறை அமைப்புன்னு படிகள் இருக்கு. அப்புறம் நம்ம பக்கமே இருக்கே! ஆதாரத்தை வரிசையா அடுக்கி ஒரு பதிவு போடுங்க. ஆயிரம் வசையால சாதிக்க முடியாததை ஒரு அரசாணை நகல் சாதிக்கும். வசை விழுந்த நிமிஷமே பேச்சு மாறிடும். அதுவரைக்கும் "செய்தி தப்பா"ன்னு கேட்டுக்கிட்டிருந்த ஊர், "ஏன் அந்தப் பொண்ணைத் திட்டுறாங்க"ன்னு கேட்கும். நம்ம பக்கம் நியாயம் இருந்திருந்தாலும் அதை நாமே புதைச்ச மாதிரி ஆயிடும்.

கடைசியா, நம்ம குரூப்புகளுக்கான விதிகள். பயிலரங்கு முடிஞ்சதும் ஒவ்வொரு குரூப்பிலயும் பின் பண்ணி வைங்க.

1. செய்தியாளரின் போட்டோ, நம்பர், முகவரி, குடும்ப விவரம் எதுவும் குரூப்பில் வரக் கூடாது. வந்தா அட்மின் உடனே நீக்கணும்.

2. செய்தியை விமர்சிக்கும்போது நிறுவனத்தை டேக் பண்ணுங்க. தனி நபரை டேக் பண்ணி, "போய்க் கேளுங்க"ன்னு யாரையும் ஏவாதீங்க.

3. உடல், சாதி, மதம், நடத்தை பற்றிய ஒரு சொல்கூட வேண்டாம். எதிர்க்கட்சி ஆதரவாளர்னு நாம நினைக்கிற செய்தியாளருக்கும் இதே விதி.

4. ஒட்டின படம், செயற்கை நுண்ணறிவுல செஞ்ச வீடியோ, சிரிப்பா இருந்தாலும் பகிர வேண்டாம்.

5. யார் எழுதினதுன்னு தெரியாத நீளமான ஃபார்வர்டைப் படிக்காம அனுப்பாதீங்க. படிச்ச பிறகும் சந்தேகம்னா அனுப்பாதீங்க.

6. நம்ம ஆள் எல்லை மீறினா, நாமதான் முதல்ல சொல்லணும். "தம்பி, அதை எடுத்துடு"ன்னு தனியாச் சொல்லுங்க. எடுக்கலைன்னா குரூப்பை விட்டு எடுங்க. அவர் எவ்வளவு பெரிய பொறுப்புல இருந்தாலும் சரி.

7. தாக்கப்படுறவர் நம்மை விமர்சிச்சவரா இருந்தாலும், வேற கட்சிக்காரங்க அவரைத் தாக்கும்போது சந்தோஷப்படாதீங்க. முடிஞ்சா அவருக்காக ஒரு வரி எழுதுங்க.

ஆறாவது விதி கஷ்டம். எனக்குத் தெரியும். நமக்காக ராப்பகலா உழைக்கிற தம்பிகிட்ட "நீ செஞ்சது தப்பு"ன்னு சொல்றது சுலபமில்லை. "அந்தக் கட்சிக்காரன் மட்டும் திட்டலாமா, நாம மட்டும் வாயைக் கட்டிக்கணுமா"ன்னு கேட்பான். நியாயமான கோபம்தான். நம்ம கட்சிப் பெண்கள் பதிவு போட்டாலும் அதே சாக்கடை அவங்க மேலயும் விழுது. இந்த அரங்கத்துல இருக்கிற அக்கா தங்கச்சிகளைக் கேளுங்க, அவங்க இன்பாக்ஸைக் காட்டுவாங்க. அந்தச் சாக்கடை வேண்டாம்னு சொல்ல நமக்கு உரிமை வேணும்னா, நம்ம கை சுத்தமா இருக்கணும். இல்லைன்னா நம்ம தங்கச்சிக்காகப் புகார் கொடுக்கப் போகும்போது, எதிர்ல இருக்கிறவன் நம்ம குரூப்போட ஸ்க்ரீன்ஷாட்டை நீட்டுவான்.

சில ட்ரெண்டிங்கில நாம தோற்போம். அது பரவாயில்லை, அடுத்த நாள் இன்னொரு ட்ரெண்டிங் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு போனை அணைச்சுட்டு, பிள்ளையைப் பக்கத்துல படுக்க வெச்சுக்கிட்டு, நாளைக்கு இந்த வேலைக்குப் போகணுமான்னு யோசிக்கிற ஒருத்தர் வேலையை விட்டுட்டா, அவரை நம்மால திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னைக்கு ராத்திரி உங்க குரூப்புக்கு ஏதோ ஒண்ணு வரும். யாரோ ஒரு செய்தியாளரோட போட்டோ, கீழே ஒரு கேவலமான வரி. இருநூறு பேர் பார்ப்பாங்க, பத்துப் பேர் சிரிப்பு எமோஜி போடுவாங்க. அதுல ஒருத்தர், "இது நம்ம வேலை இல்லை, எடுத்துடுங்க"ன்னு எழுதணும். அந்த ஒருத்தர் நீங்களா இருங்க.



உங்க பகுதிக் குரூப்பில் இந்த ஏழு விதிகளையும் பின் பண்ணிட்டீங்கன்னா, கமெண்டில் உங்க ஊர் பேரை மட்டும் எழுதுங்க தோழர்களே.

#செய்திக்குப்_பதில்_செய்தி